சாவி யார் கையில்?

ஹட்டன்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. பண்டாரவளையில் உங்கள் சங்கத்துக்கு ஒரு கம்பனி உதவி தர முன்வந்திருக்கிறது என்று வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. விண்ணப்பத்தில் என்ன எழுதலாம் என்று கேட்டிருந்தாய். எங்கள் கதையைச் சொல்கிறேன், உனக்கே விளங்கும்.

நாலு வருஷத்துக்கு முன் எங்கள் மாலை வகுப்புக்கு ஒரு கம்பனி 8 கணினி தந்தது. ரிப்பன் வெட்டி, மாலை போட்டு, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சொல்லிக்கொடுத்தவள் எங்கள் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை, உயர்தரம் முடித்தவள். அறைச் சாவி அவளிடம்தான் இருக்கும். மழைக்காலத்தில் ஒவ்வொரு கணினியையும் பழைய சேலைத் துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கின பிறகுதான் பிள்ளைகளை உட்கார வைப்பாள். இங்கே பனி எதற்குள்ளும் புகுந்துவிடும், உனக்குத் தெரியாததா?

அவளுடைய கொடுப்பனவு மட்டும் அந்தத் திட்டத்தில் இல்லை. லயம் லயமாகச் சேர்த்துக் கொடுத்தோம். ஒரு வருஷத்துக்கு மேல் முடியவில்லை. கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். சாவியை என் கையில் தந்தபோது, திறப்புவிழா ரிப்பன் துண்டு அதில் கட்டியபடியே இருந்தது. அடுத்த ஆனி, ஆடி மழையில் 5 கணினி பூஞ்சணம் பிடித்து நின்றுவிட்டன.

தருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை மச்சான். வருடாந்த அறிக்கைக்கு அவர்களுக்குப் படம் வேண்டும். கட்டடத்தைப் படம் எடுக்கலாம், சம்பளத்தை எப்படி எடுப்பது? ஆனால் அறையைத் திறந்து வைக்க ஆள் வேண்டுமே.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டப்படி பெரிய கம்பனிகள் முந்தைய மூன்று வருஷ சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நம் நாட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் கொடுப்பதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்து பழகிவிட்டோம். கூசாமல் கேள். 1867இலிருந்து இந்த மலைநாட்டில் தேயிலை விளைகிறது, கொழுந்து பறித்தது நம் ஆட்கள். ஃபெயார் ட்ரேட் என்ற நியாய வணிகச் சான்று பெற்ற தோட்டங்களில் விலைக்கு மேல் வரும் பிரீமியம் காசை எதற்குச் செலவழிப்பது என்று தொழிலாளர் தெரிவு செய்த குழுதான் முடிவெடுக்கிறது. மற்ற உதவிகளும் அந்த வழிக்கு வரவேண்டும் என்பது என் ஆசை.

சரி, இந்த முறை வேறொரு கம்பனிக்கு எழுதினோம். செலவுப் பட்டியலில் முதலாவதே ஆசிரியை கொடுப்பனவு, அப்புறம் மின்சாரக் கட்டணம், பழுதுச் செலவு. "சம்பளத்துக்கு நாங்கள் தருவதில்லையே" என்றார் பார்க்க வந்த அதிகாரி. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து காட்டினேன். பூஞ்சணம் படிந்த கீபோர்டை விரலால் தொட்டுப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீயும் ஆள் கொடுப்பனவை முதலில் எழுது. பதிவுச் சான்றிதழ், கணக்காய்வு செய்த கணக்கு, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள், இப்போதே எடுத்து வை. 60 பிள்ளைகள் வந்தால் 60 என்றே எழுது, 500 ஆக்காதே.

அந்தப் பிள்ளையிடம் போனில் பேசினேன். சித்திரைக்கு ஊருக்கு வரும்போது முடிவு சொல்கிறேன் மாமா என்றாள். சாவி என் மேசையில் இருக்கிறது.

விண்ணப்பத்தை அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி போடு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்