அந்த 64 சென்டிமீட்டர்

மதுரை
ஞாயிறு இரவு

மாப்ளே ராசு,

முப்பத்தெட்டு வருஷம் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தினவன், உனக்கு ஒரு கடிதம் போட எட்டு மாசம் எடுத்துக்கொண்டேன். திட்டிக்கொள். தீபாவளிக்கு நீ போன் பண்ணினபோது மாடியில் என் பொம்மை ரயில் தண்டவாளத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். கமலா எடுத்து, "அவர் ரயில்ல இருக்காருண்ணே" என்றாளாம். எந்த ஊருக்குப் போறான் என்று நீ கேட்டாயாம். அன்றைக்கே திருப்பிக் கூப்பிட்டிருக்கணும். விட்டுப்போச்சு.

வீட்டில் எல்லாரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. முருகேசன் பேத்திக்கு ஆவணியில் கல்யாணம், பத்திரிகை வரும். பந்தியில் பரோட்டா உண்டா என்று நீயே போன் போட்டுக் கேள், நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. அய்யாவு சர்க்கரையைக் குறைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே என் வீட்டு அதிரசம் நாலைத் தின்றான். அரசரடி மைதானத்துப் பக்கம் நடக்கப் போனால் உன்னை விசாரிக்காத ஆள் இல்லை. கோயம்புத்தூர் குளிரில் உன் மகள் உனக்குக் குல்லா மாட்டிவிட்ட படத்தை எல்லாரிடமும் காட்டியாயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளம், காப்பி வைத்துக்கொண்டு உட்கார்.

போன தடவை நீ பார்த்த வெறும் பலகை இப்போது போடி லைன் ஆகிவிட்டது. இப்போது ஓடுகிற அகலப்பாதை இல்லை. 2010 கடைசியோடு நிறுத்திப் பிடுங்கினார்களே, 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் அகலமாகித் திரும்பி வந்ததே, அதற்கு முந்தின நம்ம மீட்டர் கேஜ், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். அளவு 87-ல் ஒரு பங்கு. ஆயிரம் மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை வரும், கடையில் கிடைக்கிற தண்டவாளம் 12. அந்த அரை மில்லிமீட்டரை மன்னித்துவிடு. 90 கிலோமீட்டர் லைனை அதே கணக்கில் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும்; என் மாடியில் மூன்று சுவரைச் சுற்றி வந்தால் பத்து மீட்டர். ஒரே நிமிஷத்தில் மதுரையில் ஏறி போடியில் இறங்கிவிடலாம். எஞ்சினுக்கு அடியில் இருப்பது ஸ்விஸ் மீட்டர் கேஜ் மாடலுக்காக ஜெர்மனியில் பெமோ கம்பெனிக்காரன் செய்த சக்கரமும் மோட்டாரும், அக்கா மகன் கொண்டுவந்தது. மேலே ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின் உடம்பு நான் அட்டையில் வெட்டி ஒட்டினது. ஆல்ப்ஸ் பனியில் ஓடவேண்டிய ஜீவன், பாவம், செக்கானூரணி தாண்டி வெயிலில் முக்கிக்கொண்டிருக்கிறது.

ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. டிரைவர் கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு அரிப்பு. இது ஒன்றும் புதுசு இல்லை. 1890-களிலேயே வெள்ளைக்காரன் எஞ்சின் மூக்கில் கேமராவைக் கட்டிப் படம் எடுத்துக் காசு பார்த்திருக்கிறான். படத்தில் எஞ்சின் தெரியாது, பாதை மட்டும் தானாக ஓடிவரும் என்பதால் அதற்குப் பேய்ப் பயணம் என்றே பெயராம். சரி, நாமும் ஒரு பேயை ஓட்டுவோம் என்று டவுன்ஹால் ரோட்டுக்குப் போய், கட்டைவிரல் அளவில் ஒரு கேமரா கேட்டேன். கடைப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "பெரியவரே, எதுக்கு?" என்றான். ரயிலில் வைக்க என்றேன். போலீஸைக் கூப்பிடாதது என் நரைக்குக் கிடைத்த மரியாதை.

அந்தக் கேமரா அரை மீட்டருக்கு அப்பால் உள்ளதைத்தான் தெளிவாகக் காட்டும். என் உலகமே அரை மீட்டருக்குள். லென்ஸ் மரையில் ஒட்டியிருந்த பசையைப் பிளேடால் சுரண்டி, கால் சுற்று வெளியே திருப்பினதும் பக்கத்தில் உள்ள ஸ்லீப்பர் கட்டை பளிச்சென்று வந்தது. பேட்டரி பின்னால் ஒரு கூட்ஸ் பெட்டிக்குள். மெதுவாக ஓட்டினால் எஞ்சின் திக்கித் திக்கிப் போகிறது, படம் குலுங்குகிறது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன்: இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, நொடிக்கு 60 படம் எடுத்து, பார்க்கும்போது பாதி வேகத்தில் ஓடவிடுவது. திக்கலும் மறைந்து, ரயிலுக்கு ஒரு கனமும் வந்துவிட்டது. இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, நீ சிரிக்காதே.

முதல் படம் பார்த்தபோது நிமிர்ந்த நெஞ்சு போன இடம் தெரியவில்லை. நாகமலைக்கு மேலே வானத்தில் ஃபேன் சுற்றுகிறது. ஆண்டிபட்டி கணவாய் தாண்டினால் பீரோக் கதவும் அதில் தொங்கும் என் கைலியும். ஜல்லி என்று நான் சலித்துக் கொட்டிய மணல் இரண்டு மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 17 சென்டிமீட்டர் வருகிறது. பாதை நெடுக உரித்த தேங்காயைக் கொட்டிவைத்த மாதிரி இருந்தது. வளைவுகளைக் கேட்காதே. பதினெட்டு அங்குல ஆரம், நிஜத்தில் 40 மீட்டர். '1750-ஐ டிகிரியால் வகுத்தால் மீட்டரில் ஆரம்' என்று நீ எஞ்சின் ஓட்டின காலத்தில் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி 44 டிகிரி வளைவு. ஊர்க் கிணற்றைச் சுற்றி ரயில் விட்டிருக்கிறேன். உசிலம்பட்டி அவுட்டரில் தண்டவாளத்துக்கு நடுவே ஒரு பல்லி. பத்து மீட்டர் நீள மிருகம் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. பேரன் அந்தத் துண்டை மட்டும் ஐம்பது தடவை போட்டுப் பார்த்தான். பல்லி ரயிலில் விழுந்தால் என்ன பலன் என்று கமலா காலண்டரைப் புரட்டினாள்.

இதையெல்லாம் சரிசெய்தேன். மணலை ரவைச் சல்லடையில் சலித்தேன் (அந்தச் சல்லடை பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை). சுவருக்கு வெளிர்நீல வண்ணம். கேமராவை முதலில் 50 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்திருந்தேன், வேப்பமரக் கிளையில் உட்கார்ந்து ரயில் ஓட்டுகிற மாதிரி இருந்தது; 34-க்கு இறக்கினதும் தரையும் வானமும் இடத்துக்கு வந்தன.

சரி வராதது சிக்னல். மாப்ளே, ஆறு கைகாட்டி செய்திருந்தேன். சிவப்புக் கை, வெள்ளைப் பட்டை, கீழே இறங்கினால் வழி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ராத்திரி. படத்தில் ஒன்றுகூட இல்லை! தண்டவாளத்தோரம் ஈர்க்குச்சி நட்ட மாதிரி வெறும் கம்பம். கீழே விழுந்துவிட்டதோ என்று மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆறும் அம்சமாக நிற்கின்றன, என்னைப் பார்த்து. மேஜைக்கு வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அழகாகத் தெரியணும் என்று எல்லாக் கையையும் என் பக்கம் திருப்பி நட்டிருக்கிறேன். டிரைவருக்குத் தெரிவது அதன் விளிம்பு. வீடுகளும் அப்படியே. என் பக்கச் சுவருக்கு ஜன்னல், கோலம், கட்சிச் சின்னம் எல்லாம் உண்டு. வருகிற ரயிலைப் பார்த்த சுவர் மொட்டை அட்டை. மூன்று வருஷமாக நான் கட்டின ஊரில் ரயில் ஓட்டுகிறவன் ஒருத்தன் இருப்பான் என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கேமராவை எஞ்சின் மூக்கு நுனியில் நடுவாக வைத்திருந்தேன். அங்கே எந்த டிரைவர் உட்கார்ந்தான்? நீட்டு மூக்கு முன்னால் வரும்படி எஞ்சினை மாட்டிவிட்டால் ஒரு பக்கம்தான் தெரியும், மறுபக்கத்துக்கு அசிஸ்டென்ட்தான் கண் என்று நீ சொல்லிச் சொல்லி அலுத்துக்கொள்வாயே. அதனால் கேமராவைப் பின்னால் தள்ளி, கேபின் ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். படத்தில் பாதியை எஞ்சின் உடம்பே அடைத்துக்கொண்டது. அசிங்கமாக இருக்கிறது என்று பேரன் சொன்னான். எனக்கு அதுதான் நிஜம் என்று பட்டது. அப்படியே விட்டேன்.

போன வியாழக்கிழமை ராத்திரி அந்த ஜன்னலிலிருந்து முழு லைனையும் எடுத்துக் கீழே வந்து தனியாகப் பார்த்தேன்.

உசிலம்பட்டிக்கு முன்னால் ஆளில்லா கேட் ஒன்று வைத்திருக்கிறேன். அந்த இடம் மொட்டையாக இருக்கிறதே என்று, தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பொம்பளையை நிறுத்தினேன். பதினெட்டு மில்லிமீட்டர் உயரம். தீக்குச்சியில் செதுக்கி, தேங்காய்நாரில் புல், பச்சைச் சேலை. நான் செய்ததிலேயே அழகான பொம்மை அதுதான்.

படத்தில் ரயில் மண்மேட்டு வளைவில் திரும்புகிறது. எஞ்சின் உடம்புக்கு மேலாக முதலில் அந்தப் புல்லுக்கட்டு தெரிந்தது. பிறகுதான் ஆள்.

நிறுத்திவிட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் நாடகம் மாதிரி இருக்கும், ஆனால் நடுங்கியது.

2004 மாசியில் நீ ஒரு வாரம் டூட்டிக்குப் போகாமல் இருந்து, பிறகு டீக்கடையில் என்னிடம் சொன்னாயே. "புல்லுக்கட்டுதான்டா மொதல்ல தெரிஞ்சுச்சு." அவ்வளவுதான் சொன்னாய். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. எனக்குத்தான் மறந்துபோயிருந்தது, வியாழக்கிழமை வரை. "கொஞ்சம் முன்னாடியே பிரேக்கப் போட்டிருக்கக் கூடாதாடா" என்றேன். நீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தாய். பாதி டீ இருந்தது. மறுவாரம் சீட்டாட வந்தாய், சிரித்தாய், நானும் அது முடிந்துபோன கதை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் பஸ்ஸில் நீ எப்போதும் கடைசி சீட்டில் போய் உட்காருவதை இருபது வருஷமாகக் கேலி பண்ணியிருக்கிறேன். அய்யாவுவையும் கூடச் சேர்த்துக்கொண்டு.

அன்றைக்கு ராத்திரியே மேலே போய் அளந்தேன். வளைவில் புல்லுக்கட்டு தெரிகிற இடத்திலிருந்து கேட் வரைக்கும் 64 சென்டிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 56 மீட்டர் கூட வரவில்லை. மணிக்கு ஐம்பதில் வருகிற வண்டிக்கு அது நாலே நொடி. வாக்குவம் பிரேக்கைத் திறந்தால் கடைசிப் பெட்டி வரைக்கும் போய்ப் பிடிக்கவே நேரம் எடுக்கும் என்று நீ எனக்கு எத்தனை தடவை பாடம் நடத்தியிருக்கிறாய். கேட்டுக்கொண்டேன், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. என் எஞ்சினில் வார்ம் கியர். கரண்டை நிறுத்தினால் நின்ற இடத்தில் கல் மாதிரி நிற்கும். ரயில் என்றால் நினைத்த இடத்தில் நிற்கிற சாமான் என்றே விரல் பழகிவிட்டது. பொம்மை ரயில் வருவதற்கு முன்னாலேயே, டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோதே, அப்படித்தான் நினைத்திருக்கிறேன் போல.

என் லைனில் இருப்பதும் நீ ஓட்டின இடமும் ஒன்றில்லை. உன் வளைவு எவ்வளவு, தூரம் எவ்வளவு, யார் பக்கம், எதுவும் எனக்குத் தெரியாது. தெரியணும் என்று கேட்கவும் இல்லை. நான் அன்றைக்குக் கேட்டது தப்பு. தப்பு என்று தெரியவே எனக்கு இத்தனை வருஷமும் ஒரு கட்டைவிரல் கேமராவும் தேவைப்பட்டது. அதுதான் கடிதம். போனில் சொல்ல முயற்சி பண்ணினேன், வெள்ளிக்கிழமை காலையில். நீ எடுத்ததும் மழையா என்று கேட்டு வைத்துவிட்டேன். அந்தக் கிறுக்குத்தனத்துக்குக் காரணம் இது.

பொம்பளையைத் தண்டவாளத்தை விட்டு எடுத்துத் தள்ளி, வயல் வரப்பில் வைத்திருக்கிறேன், வீட்டைப் பார்த்து நடக்கிற மாதிரி. பேரனுக்குக் காரணம் சொல்லவில்லை. அந்தப் படத்தை அழித்துவிட்டேன். பல்லிப் படம் மட்டும் உன் மகள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், பார்.

முருகேசன் பேத்தி கல்யாணத்துக்கு வந்தால் நம்ம வீட்டில்தான் தங்கணும். மாடிக்கு ஏறுவதும் ஏறாததும் உன் இஷ்டம். ஏறுவதாக இருந்தால் வேலை இருக்கிறது: கேட்டுக்கு முன்னால் விசில் அடிக்கச் சொல்லி ஒரு மஞ்சள் பலகை நிற்குமே, கறுப்பில் டபிள்யூ எல் போட்டு, அது மீட்டர் கேஜில் எவ்வளவு தூரத்தில் இருக்கும்? அதை நடவே இல்லை. ஆறு சிக்னலையும் பிடுங்கிச் சோப்பு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கை இடது பக்கம் நீட்டணும் என்பதுவரை தெரியும். எவ்வளவு தூரத்தில் இருந்து உன் கண்ணில் படணும் என்பதை நீ சொல்லு, நான் குத்துகிறேன்.

உன்
சுந்தரம்

கமலா விசாரித்தாள். குல்லாவைக் கொண்டு வராதே, இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.