நடத்துனரைப் பலிக்கடாவாக்கியது தொடர்பான முறைப்பாடு

பொது முகாமையாளர் அவர்களுக்கு,

கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போகும் உங்கள் இரவு பஸ், போன வெள்ளிக்கிழமை வெலிக்கந்தை தாண்டி நடுவழியில் நின்றுவிட்டது. யானை நடமாடும் இடம். கைக்குழந்தைகளோடு விடியும்வரை மாற்று பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். சரி, வண்டி என்றால் பழுதாகத்தான் செய்யும். அதற்கு நட்டஈடு கேட்டு நான் எழுதவில்லை. மறுநாள் நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்தியைத்தான் பொறுக்க முடியவில்லை. நடத்துனரின் கவனயீனமே காரணமாம், அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டீர்களாம்.

நான் முன் ஆசனத்தில் இருந்தேன். ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று அந்தத் தம்பி வாழைச்சேனையிலேயே உங்கள் அலுவலகத்துக்கு அழைத்துச் சொன்னார். "தண்ணிய ஊத்தி ஊத்தி ஓட்டுங்க, காலைல பாப்பம்" என்று வந்த பதில் எனக்கும் கேட்டது. அதன்பிறகு வண்டி நின்ற இடத்திலெல்லாம் ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, ஆவி பறக்கும் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றியவர் அவர்தான். திருத்தாத வண்டியை ஓடச் சொன்னவரின் பெயர் உங்கள் செய்தியில் இல்லை.

பயணிகளின் கோபத்தை ஆற்ற யாராவது ஒருவர் வேண்டும். திருப்பிக் கேள்வி கேட்க முடியாதவர் என்றால் இன்னும் வசதி. எங்கள் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்தார்கள் என்று ஒரு முஸ்லிம் உணவகத்தின்மேல் பழி போட்டு, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தபோது எல்லாம் உடைந்து முடிந்திருந்தது. அந்தக் கொடுமையோடு உங்கள் செயலைச் சமப்படுத்தவில்லை. ஆனால் பொய்ப்பழி இங்கே எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்ளும் என்று பார்த்தவர்கள் நாங்கள்.

பைபிளின் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில்கூட, ஆசாரியனான ஆரோன் ஆட்டின் தலையில் கைவைத்து, ஜனங்களின் பாவங்களையெல்லாம் வாய்விட்டு அறிக்கையிட்ட பிறகுதான் அதை வனாந்தரத்துக்கு அனுப்புகிறான். நீங்கள் அந்த அறிக்கையையும் செய்யவில்லை. ஒழுகிய ரேடியேட்டர் இன்றும் அதே பஸ்ஸில்தான் இருக்கிறதோ, யார் கண்டது?

நடத்துனரைச் சம்பளப் பாக்கியோடு திரும்ப வேலைக்கு எடுங்கள். பிழை நிர்வாகத்துடையது என்று, முதல் செய்தி போன அத்தனை இலக்கங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். அந்த வண்டியைக் கடைசியாக எப்போது திருத்தினீர்கள் என்பதையும் எனக்கு எழுத்தில் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
அந்த பஸ்ஸில் வந்த பயணி,
கல்முனை