டிரான்சிஸ்டரின் கால் வரிசையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பக்கங்களில் எளிய மின்னணுச் சுற்றுப் படம் போடும்போது, எந்த டிரான்சிஸ்டர் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மூன்று கால் பாகம்), அதன் கால்கள் எந்த வரிசையில் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். "படத்தில் இருந்தபடியேதான் செருகினேன், எல்.இ.டி. விளக்கு சரியாக எரியவில்லை" என்று வரும் பிரெட்போர்டில் (பாகங்களைச் செருகிச் சுற்று அமைக்கும் துளைப் பலகையில்) முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

நம்மூர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது பி.சி.547. தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். அமெரிக்கப் படங்களில் அதிகம் வரும் 2என்3904-க்கு நேர்மாறு: எமிட்டர், பேஸ், கலெக்டர். இரண்டிலும் பேஸ் நடுவில் இருப்பதுதான் வம்பு. மாற்றிச் செருகினாலும் சுற்று முழுதாகச் செத்துவிடாது. டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தைப் பெருக்கும் அளவு வெகுவாகக் குறைந்து எல்.இ.டி. மங்கலாக எரியும். பழி பேட்டரி மேல் விழும்!

எடுத்துக்காட்டாக, 9 வோல்ட் பேட்டரி, கலெக்டர் பக்கம் சிவப்பு எல்.இ.டி.யோடு 470 ஓம் ரெசிஸ்டர், பேஸுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், எமிட்டர் மைனஸில் என்று வைத்துக்கொள்வோம். எல்.இ.டி.க்கு 2 வோல்ட் போக மீதி 7. அதை 470-ஆல் வகுத்தால் சுமார் 15 மில்லி ஆம்பியர். எல்.இ.டி. எரிய இது தாராளம்.

எல்.இ.டி. சரியாக எரியாவிட்டால், பாகங்களை மாற்றும் முன் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸில் வையுங்கள். சிவப்பு முனையைப் பேஸில் வைத்தால் 0.7 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் பேஸுக்கு மின்சாரமே வரவில்லை. 9-ஐ நெருங்கினால் எமிட்டர் மைனஸைத் தொடவில்லை. அடுத்துக் கலெக்டர்: அங்கே 0.2 வோல்ட்டோ அதற்கும் கீழோ இருந்தால் டிரான்சிஸ்டர் தன் வேலையைச் செய்கிறது. அப்படியும் விளக்கு இருட்டாக இருந்தால் எல்.இ.டி.யைத் திருப்பிப் பாருங்கள், நீளக் கால்தான் பிளஸ். பேஸில் 0.7 சரியாக இருந்தும் கலெக்டர் என்று நினைத்த காலில் பல வோல்ட் நின்றால், கால்கள் இடம் மாறியிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். மாறிய நிலையிலும் பேஸ் அதே 0.7-ஐக் காட்டும், ஏமாந்துவிடக் கூடாது.

ரெசிஸ்டரின் நிறப்பட்டையும் காலை வாரும். மஞ்சள், ஊதா, பழுப்பு என்றால் 470 ஓம். மூன்றாவது பட்டை ஆரஞ்சு என்றால் 47 கிலோ ஓம். மங்கல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். படிப்பதைவிட அளப்பது மேல்.

பெரிய பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்து பிளஸ், மைனஸ் வரிசைகள் நடுவில் துண்டுபட்டிருக்கும். அச்சிட்ட சிவப்புக் கோடும் அங்கே விட்டுப்போயிருக்கும். பேட்டரி ஒரு பாதியிலும் சுற்று மறு பாதியிலும் இருந்தால் எதுவும் எரியாது. இரு பாதிகளையும் சிறு கம்பியால் இணைத்தால் போதும்.

இப்படிக்கு,
மின்னணுவியல் ஆய்வக ஆசிரியர்கள்,
கோவை