துண்டுப்பிரசுரத்தில் இருந்து அந்த வரியை எடுங்கள்

முள்ளியவளை,
முல்லைத்தீவு.

வாடிக்கையாளர் பிரிவுப் பொறுப்பாளருக்கு,

விடயம்: தலை எண்ணெய்க்குக் கொடுத்த 13,500 ரூபாவைத் திருப்பித் தருதல்

தை மாதம் உங்கள் விளம்பரத்தைப் பார்த்து மூன்று போத்தல் எண்ணெய் எடுப்பித்தது நான் இல்லை, என் அம்மா. எனக்குப் பெண் பார்க்கிறார். "தம்பிக்கு நெத்தி ஏறிட்டுது போல" என்று தரகர் சொல்லிவிட்டார். கச்சான் விற்ற காசைக் கூரியர் பெடியனிடம் எண்ணிக் கொடுத்திருக்கிறார். 90 நாளில் முடி வளரும் என்றீர்கள். 120 நாள் பூசினேன். தலையணை உறைதான் கறுத்தது.

சரி, காசு ஒருபக்கம் கிடக்கட்டும். போத்தலோடு வந்த துண்டுப்பிரசுரம்தான் வீட்டைக் குழப்பியது. வழுக்கை தாய்வழியில் மட்டுமே வரும், தாயின் தகப்பனைப் பாருங்கள் என்று அச்சடித்திருக்கிறீர்கள். அம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு பெட்டியைத் திறந்து அம்மப்பாவின் அடையாள அட்டையை எடுத்தார். 2009 இடப்பெயர்வில் எல்லாம் போய், அவருடைய படமென்று மிஞ்சியது அந்த அட்டை ஒன்றுதான். ஓரம் உக்கிப்போன அந்தப் படத்தில் அவருக்கு நெற்றியை மறைக்கும் சுருள் முடி. "அப்ப என்ர பக்கத்தில என்ன பிழை?" என்று என்னைக் கேட்டார். எங்கள் வீட்டில் வழுக்கை விழுந்தவர் அப்பா.

நான் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். ஆண் ஓமோனை உணரும் ஏற்பிக்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்தே வரும். உங்கள் கதையில் உண்மை அவ்வளவுதான். அந்த எக்ஸும் அம்மம்மா கொடுத்ததாக இருக்கலாம். 2017 இல் 52,000 க்கும் மேற்பட்ட பிரித்தானிய ஆண்களை ஆராய்ந்தவர்கள், நிறமூர்த்தங்களில் வழுக்கையோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டார்கள். அவற்றில் எக்ஸில் இருப்பவை 40. மிச்சம் அப்பாவிடமிருந்தும் வரும். இதையெல்லாம் அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் போனது.

குரங்குக்கு வழுக்கை இல்லை, இன்றைய சாப்பாடுதான் காரணம் என்று அதே துண்டுப்பிரசுரத்தில் போட்டிருப்பதும் பிழை. குட்டைவால் மக்காக் குரங்குகளில் ஆண், பெண் இரண்டுக்கும் வளர்ந்தபின் முன்மண்டை வழுக்கையாகும். முடி வளரப் பூசும் மினொக்சிடில் மருந்தை அவற்றிலும் சோதித்துப் பார்த்தார்கள். மனிதரில் இது ஏன் நிலைத்தது என்பதற்கு, முதிர்ச்சியின் அடையாளம் என்பது உட்படப் பல ஊகங்கள் உண்டு, ஒன்றும் நிறுவப்படவில்லை. பெரும்பாலும் பிள்ளை பெற்ற பிறகே கூடுவதால் இயற்கைத் தேர்வு இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். எங்கள் தரகர் அப்படி விடுவதாக இல்லை.

பரம்பரையலகைத் திருத்தும் எண்ணெய் என்றும் போட்டிருக்கிறீர்கள். தலையில் தேய்க்கிற எந்த எண்ணெயும் அதைச் செய்யாது.

13,500 ரூபாவையும் அம்மாவின் பெயருக்கே அனுப்புங்கள். தாய்வழி பற்றிய வரியை அடுத்த அச்சில் எடுத்துவிடுங்கள். இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் இதன் பிரதி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகும். மூன்றாவது போத்தல் மூடி திறக்காமல் இருக்கிறது, பெடியனை அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
எண்ணெய் பூசிய மகன்