அரையாண்டு விடுமுறைக்கு முன்: பள்ளி வாசலைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. மழை விடுமுறையால் விட்டுப்போன பாடங்களைச் சனிக்கிழமைகளில் நடத்தி முடித்த ஆசிரியர்களுக்கும், முகம் சுளிக்காமல் பிள்ளைகளை அனுப்பி வைத்த உங்களுக்கும் நன்றி. வட்டார அளவிலான கபடியிலும் கோகோவிலும் நம் மாணவிகள் பரிசு வாங்கி வந்தார்கள். அறிவியல் கண்காட்சி, குழந்தைகள் தின விழா, பேச்சுப்போட்டி எல்லாமே சிறப்பாக நடந்தன. விடைத்தாள்களைப் பள்ளி திறந்ததும் கொடுப்போம்.

சரி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

நவம்பர் மழையில் இரண்டு நாள் நம் பள்ளி வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஆட்டோ ஓட்டும் தம்பிகள் தோளில் தூக்கி வந்து விட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு மழைநீர் வடிகாலின் மூடியைத் திறந்து பார்த்தோம். மண் கொஞ்சம்தான் இருந்தது. மீதியெல்லாம் சிப்ஸ் கவர், பிஸ்கட் உறை, டீ கப், ஜூஸ் டப்பா, கேரிபேக். மாலை 3.45-க்குப் பள்ளி விட்டதும், அடுத்த அரை மணி நேரத்தில் வாசலில் பிரித்துத் தின்றுவிட்டுப் போட்டவை. பள்ளிக்குள் தின்பண்டக் கடை கிடையாது, பிள்ளைகள் உறையோடு எதையும் உள்ளே கொண்டுவருவதும் இல்லை.

இதில் என்னை அதிகம் உறுத்துவது தண்ணீர் தேங்கியது அல்ல. மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் குழந்தை, சிப்ஸைத் தின்று முடித்து, காலி கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். தொட்டி இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் வண்டியைக் கிளப்பியபடியே, “அங்கேயே போட்டுட்டு வா, நேரமாச்சு” என்றார். வகுப்பில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை அவள். ஒரு நொடி தயங்கினாள். அப்புறம் போட்டாள். அந்தத் தயக்கத்தை உருவாக்க எங்கள் ஆசிரியைக்கு மூன்று மாதம் ஆகியிருக்கும். அந்த அப்பா மோசமானவர் என்று நான் சொல்லவே மாட்டேன். வேலைக்கு நடுவே அனுமதி கேட்டு ஓடி வந்தவர் அவர். ஆனாலும் அந்தக் காட்சி இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

இந்த விஷயத்தில் என் பக்கமும் ஒரு தவறு நடந்துவிட்டது. அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். அக்டோபரில் நான் அனுப்பிய சுற்றறிக்கையில், “பெரும்பாலான பெற்றோர் வாசலில் குப்பையைப் போட்டுவிட்டுச் செல்வது வருத்தமளிக்கிறது” என்று எழுதியிருந்தேன். அதன் பிறகு குப்பை குறையவில்லை, கொஞ்சம் கூடியது. ஏன் என்று புரியாமல், சுற்றுச்சூழல் விஷயத்தில் மனித மனம் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தேன். பதில் அங்கே இருந்தது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கல்லாகிப்போன மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. நம் திருவக்கரையில் பார்க்கிறோமே, அந்த மாதிரிக் கல்மரங்கள்தான். வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது அங்கே பெரிய தொல்லை. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பாதையோரம் அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டுவைத்து, இரண்டு விதமான அறிவிப்புப் பலகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். “தயவுசெய்து எடுக்காதீர்கள்” என்று மட்டும் சொன்ன பலகை இருந்தபோது நூற்றுக்கு இரண்டு துண்டுகூடக் காணாமல் போகவில்லை. “இதற்கு முன் வந்தவர்களில் பலர் எடுத்துச் சென்றதால் பூங்காவே மாறிவிட்டது” என்ற பலகை இருந்தபோது நூற்றுக்கு எட்டுத் துண்டுகள் போயின. வருத்தத்தோடு சொன்னாலும், “பலரும் செய்கிறார்கள்” என்பது காதில் விழுந்ததும், அப்படியானால் அது சாதாரணம்தான் போலிருக்கிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. என் சுற்றறிக்கையும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது.

அந்தச் சுற்றறிக்கையில் நான் எழுதியது உண்மையும் இல்லை. டிசம்பர் முதல் வாரம் முழுக்க நானும் உடற்கல்வி ஆசிரியரும் மாலையில் வாசலில் நின்று பார்த்தோம். உங்களில் பெரும்பாலானவர்கள் கவரை மடித்து வண்டிப் பெட்டிக்குள்ளோ கைப்பைக்குள்ளோ வைத்துக்கொண்டுதான் போகிறீர்கள். ஒரு பாட்டி, பேரன் போட்டதைக் குனிந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். கீழே போடுகிறவர்கள் சிலர்தான். ஆனால் எடுத்துப் போகிறவர்களின் கவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, போட்டதுதான் தெரிகிறது. அதனால் எல்லோரும் போடுகிறார்கள் என்று எல்லோருமே நினைத்துக்கொண்டிருக்கிறோம், நான் உட்பட. அக்டோபரில் எழுதிய அந்த வரிக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

“என் ஒரு கவரால் என்ன ஆகிவிடப் போகிறது?” என்று ஒரு அம்மா என்னிடம் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. வடிகாலை அடைப்பதற்கு அந்த ஒரு கவர் போதாதுதான். அடுத்து வருகிறவருக்கு அது ஒரு அனுமதியாகிவிடுகிறது என்பதே சிக்கல். இதையும் சியால்டினி குழுவினர் சோதித்து 1990-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு வாகன நிறுத்தத்தில் ஒவ்வொரு வண்டியின் முன்கண்ணாடியிலும் ஒரு துண்டுத்தாளைச் செருகிவைத்து, வண்டிக்காரர் அதைக் கீழே போடுகிறாரா என்று கவனித்தார்கள். தரை சுத்தமாக இருந்தபோது நூற்றுக்கு 14 பேர் போட்டார்கள், குப்பையாக இருந்தபோது 32 பேர். குப்பையான தரையில் தனக்கு முன்னால் ஒருவர் போடுவதையும் பார்த்துவிட்டால் 54 பேர். ஆனால் சுத்தமான தரையில் ஒருவர் போடுவதைப் பார்த்தவர்களில் 6 பேர்தான் போட்டார்கள். இடம் சுத்தமாக இருந்தால் அந்த ஒருவர் செய்வது அசிங்கமாகத் தெரிகிறது. இந்தக் கடைசி எண்ணைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை வந்தது.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர், “நூறு ரூபாய் அபராதம் போடுங்க சார், தானா திருந்துவாங்க” என்றார்கள். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அபராதம் வேண்டாம் என்றே முடிவு செய்திருக்கிறேன். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் பிள்ளைகளைத் தாமதமாக வந்து அழைத்துப்போன பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். கனீஸி, ருஸ்டிகினி என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2000-இல் அதை எழுதியிருக்கிறார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை “ஆசிரியை நமக்காகக் காத்திருக்கிறாரே” என்ற கூச்சம் இருந்தது. காசு கட்டியதும் அது போய்விட்டது. அபராதத்தை நிறுத்திய பிறகும் நிலைமை பழையபடி ஆகவில்லை. நம் வாசலில் இன்னும் அந்தக் கூச்சம் மிச்சம் இருக்கிறது. நூறு ரூபாய்க்கு அதை விற்க எனக்கு மனமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். அடைத்துக்கொண்ட வடிகாலில் முழங்கை வரை கையை விட்டு அந்தக் கவர்களை எடுத்தவர் நம் பள்ளியின் தூய்மைப் பணியாளர் அம்மா. வாசலுக்கு வெளியே உள்ள வடிகால் அவருடைய வேலையே இல்லை. பிள்ளைகள் நனையக்கூடாது என்று, எங்களைக் கேட்காமலேயே இறங்கிவிட்டார். அவரிடம் அதே வாரம் ஒருவர், “கூட்டத்தானே சம்பளம் வாங்கறீங்க” என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லியிருக்கிறார். இனி இப்படி ஒரு வார்த்தை நம் வாசலில் கேட்கக் கூடாது. சொல்வது யாராக இருந்தாலும், எவ்வளவு காலமாகப் பள்ளிக்கு உதவி செய்தவராக இருந்தாலும், நான் நேரில் அழைத்துப் பேசுவேன். இதில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

அப்புறம், பள்ளி திறந்ததும் நாங்கள் செய்யப்போவதைச் சொல்கிறேன். தினமும் 3.30-க்கு முன் வாசல் கூட்டிச் சுத்தமாக இருக்கும். ஆசிரியர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்வோம், நானும் அதில் ஒருவன். கேட்டின் இரு பக்கமும் மூடியுள்ள தொட்டிகள் வைக்கிறோம். எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணனிடம் பேசியாகிவிட்டது. உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. இனி கண்ணாடி டம்ளரில் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். டம்ளர் கழுவ ஆள் வேண்டுமே என்பதுதான் அவர் கவலை, அது எனக்கும் புரிகிறது. டீ குடித்ததும் டம்ளரை மேசையில் கொண்டுபோய் வைத்தால் அவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கவரைப் பிள்ளையின் கையிலிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டி பக்கத்தில் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் வண்டியில் மாட்டியிருக்கும் பைக்குள் வையுங்கள். அதைப் பிள்ளை பார்க்கும்படி செய்யுங்கள். பாட்டிலைப் பழைய பொருள் வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார், ஆனால் பளபளப்பான சிப்ஸ் கவரை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. பல அடுக்காக ஒட்டியிருப்பதால் அதைப் பிரித்து மறுபடி பயன்படுத்துவது கடினம். அதனால் முடிந்த நாட்களில் ஒரு டப்பாவில் சுண்டலோ கடலை உருண்டையோ எடுத்து வந்தால் நல்லது. முடியாத நாட்களும் இருக்கும். வேலை முடித்து நேரே பேருந்தில் இறங்கி வருகிற அம்மாக்களிடம் “பாக்கெட் வாங்காதீர்கள்” என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பசியோடு வரும் பிள்ளைக்கு ஏதாவது வாங்கித் தரத்தான் வேண்டும்.

வண்டிக்குள் ஆணி அடித்துத் துணிப்பை மாட்டிவைத்திருக்கும் ஆட்டோ தம்பிகளுக்கு நன்றி. யாரும் கேட்காமலேயே நவம்பரில் கடப்பாரையோடு வந்து வடிகால் மூடியைத் தூக்கிக் கொடுத்த அப்பாக்களுக்கும், முந்தானையில் முடிந்துகொண்ட அந்தப் பாட்டிக்கும், கவரை மடித்துச் சத்தமில்லாமல் எடுத்துப்போகும் உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இத்தனை நாள் உங்களைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

விடுமுறையில் பிள்ளைகள் நன்றாக விளையாடட்டும், வீட்டுப்பாடம் எதுவும் தரவில்லை. பள்ளி திறக்கும் நாளன்று மாலை 3.30-க்கு நான் வாசலில் வேப்பமரத்தடியில் இருப்பேன். இதைப் பற்றி மாற்றுக் கருத்து இருந்தாலும் வந்து பேசுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்