நீச்சல் குளத்தில் நெடி அடித்தால் குளோரின் போதும் என்று அர்த்தமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளுடன் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய உறவினர் வீடு ஒன்றுக்குப் போயிருந்தோம். வீட்டின் பின்புறம் 10 மீட்டர் நீளத்தில் நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் நீந்திவிட்டுக் கரையேறிய பிள்ளைகள் அனைவருக்கும் கண் சிவந்து எரிந்தது. குளத்தருகே நின்றாலே நெடி மூக்கைத் துளைத்தது. "குளோரின் தூக்கலாகிவிட்டது, இரண்டு நாளைக்குப் போட வேண்டாம் என்று பராமரிப்புக்கு வரும் தம்பியிடம் சொல்லிவிடுகிறேன்" என்றார் வீட்டுக்காரர். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு அந்த முடிவில் சம்மதமில்லை. மறுநாள் என் பரிசோதனைப் பெட்டியைக் கொண்டுபோய்ப் பார்த்தபோது, கிருமியைக் கொல்லக்கூடிய 'ஃப்ரீ குளோரின்' லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மட்டுமே இருந்தது. குறைந்தது 1 மில்லிகிராமாவது இருந்திருக்க வேண்டிய குளம் அது.

வீட்டில் குளம் வைத்திருப்பவர்களில் பலரும் இதே தவற்றைச் செய்வதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்த நெடி நல்ல குளோரினின் வாசனை அன்று. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் கலந்து உண்டாகும் குளோரமின்களின் நெடி அது. கண்ணை எரிப்பதும் பெரும்பாலும் அதுவே. குளோரமினுக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே நெடி அடிக்கும் குளத்தில் குளோரினை நிறுத்துவது நோய்க்குக் கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம். பிள்ளைகளை இறங்கவிடாமல், குளோரமினின் அளவைப் போலப் பத்து மடங்கு குளோரினை ஒரே தடவையில் சேர்த்து, மோட்டாரை ஓடவிட்டு, குளோரின் அளவு மீண்டும் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இறங்கிய பிறகே குளிக்க விட வேண்டும்.

இந்த வேறுபாட்டை மூக்கால் அறிய முடியாது. மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிறச் சொட்டு மருந்தாலும் அறிய முடியாது. அது ஃப்ரீ குளோரினையும் குளோரமினையும் சேர்த்தே காட்டும் என்பதால், தண்ணீர் மஞ்சளானதைப் பார்த்து மனநிறைவு கொண்டுவிடுகிறோம். இளஞ்சிவப்பு நிறம் தரும் டிபிடி பரிசோதனையே இரண்டையும் பிரித்துக் காட்டும். குளம் கட்ட லட்சக்கணக்கில் செலவு செய்துவிட்டு இந்தச் சிறு பெட்டியை வாங்காமல் விடுவதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

குளோரின் இருந்தால் மட்டும் போதாது, அது வேலை செய்யும் நிலையிலும் இருக்க வேண்டும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.5 என்றால் ஃப்ரீ குளோரினில் ஏறத்தாழப் பாதி, வீரியமுள்ள ஹைபோகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8 ஆகிவிட்டால் நான்கில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பிளீச்சிங் பவுடரும் லிக்விட் குளோரினும் காரத்தன்மை உடையவை. நம் ஆழ்துளைக் கிணற்று நீரும் பல இடங்களில் அப்படியே. ஆகவே பிஎச் மெல்ல ஏறிக்கொண்டே போகும். 7.2 முதல் 7.8 வரை நிறுத்திவைக்காமல் குளோரினைக் கொட்டிக்கொண்டே இருப்பது பணத்தைத் தண்ணீரில் கரைப்பதுதான்.

வெயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திறந்தவெளிக் குளத்தில் காலையில் போட்ட குளோரினில் பெரும்பகுதியை உச்சிவெயில் சில மணி நேரத்திலேயே அழித்துவிடும். இதைத் தடுக்கச் சயனூரிக் அமிலம் என்ற நிலைநிறுத்தியைச் சேர்க்கிறார்கள். கடைகளில் பரவலாக விற்கும் டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரையில் அது ஏற்கெனவே கலந்திருக்கிறது என்பது வாங்குபவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. அம்மாத்திரையால் 1 மில்லிகிராம் குளோரின் சேரும்போதெல்லாம் சுமார் 0.6 மில்லிகிராம் சயனூரிக் அமிலமும் தண்ணீரில் சேர்கிறது. குளோரின் அன்றன்றே செலவாகிவிடும்; அமிலமோ தங்கிவிடும். நாள்தோறும் 2 மில்லிகிராம் வீதம் போட்டால் இரண்டே மாதத்தில் 70 மில்லிகிராமைத் தாண்டிவிடும். 30 முதல் 50 வரை இருந்தால் நன்மை. 100ஐத் தாண்டினால் குளோரின் கட்டுண்டு கிடக்கும், பரிசோதனையில் அளவு சரியாகக் காட்டினாலும் பாசி படரும். ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக லாரித் தண்ணீர் ஊற்றுவதால் அமிலம் குறையாது; குளத்து நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் நிரப்புவதே வழி. நிலைநிறுத்தி சேர்த்த குளத்தில் ஃப்ரீ குளோரின் குறைந்தது 2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுவதும் இதனால்தான்.

அளவைக் கணக்கிடுவது கடினமே இல்லை. 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 75,000 லிட்டர். அதில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் உயர்த்த 75 கிராம் குளோரின் வேண்டும். 65 சதவீத கால்சியம் ஹைபோகுளோரைட் தூள் என்றால் ஏறத்தாழ 115 கிராம். 10 சதவீத லிக்விட் குளோரின் என்றால் முக்கால் லிட்டர். அதையும் பொழுது சாய்ந்த பின் போடுவது நல்லது. வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த கேனில் வீரியம் பெருமளவு குறைந்திருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

கேரளத்தில் 2024ஆம் ஆண்டு அமீபா மூளைக்காய்ச்சலால் குழந்தைகள் உயிரிழந்த செய்திகளைப் படித்த நாள் முதல் எனக்கு இந்தக் கவலை கூடியிருக்கிறது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் அந்த அமீபா மூக்கு வழியாக மூளையை அடைகிறது. குளோரின் முறையாக உள்ள குளத்தில் அது பிழைக்காது. அதே சமயம் குளோரின் எல்லாவற்றுக்கும் மருந்தன்று. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் 1 மில்லிகிராம் குளோரினில் பத்து நாளுக்கு மேல் உயிரோடிருக்கும். ஆகவே வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைக் குணமான பிறகும் இரு வாரங்களுக்குக் குளத்தில் இறக்கக் கூடாது.

இன்னொன்று, அந்த வீட்டில் நான் கண்டு பதறியது: மோட்டார் அறையில் டிசிசிஏ மாத்திரை, பிளீச்சிங் பவுடர், ஆசிட் மூன்றும் ஒரே பலகையில் இருந்தன. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்தால் நச்சுவாயு கிளம்பும். மாத்திரையும் பவுடரும் ஈரத்தில் கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். பராமரிப்புக்கு வருபவர்களில் பலர் எந்தப் பயிற்சியும் தரப்படாத இளைஞர்கள்.

குளம் கட்டித் தரும் நிறுவனங்கள் சாவியை ஒப்படைக்கும்போதே டிபிடி பெட்டியையும், குளத்தின் கொள்ளளவும் மருந்தளவும் தமிழில் எழுதிய அட்டையையும் கொடுக்கட்டும். டிசிசிஏ டப்பாக்களின் மேல் "இதில் சயனூரிக் அமிலம் உண்டு, பிற குளோரின் மருந்துகளோடு கலக்காதீர்" என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட அரசு உத்தரவிட வேண்டும். அடுத்த கோடை விடுமுறைக்கு முன் இது நடக்குமாறு தங்கள் நாளிதழும் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீர்ப் பரிசோதகர்,
சென்னை.