மனம் சரியாகும் வரை காத்திருக்காதே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்து முடித்ததும் போனைத்தான் எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டேன். போனில் கேட்டால் "நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நீ எப்படி இருக்கிறாய்?" என்று ஒரே நிமிடத்தில் பேச்சை என் பக்கம் திருப்பிவிடுவாய். கல்லூரி நாட்களிலிருந்தே அதில் நீ கெட்டிக்காரி. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்குப் பேச்சு ஓரளவு திரும்பியிருக்கிறது என்பது பெரிய ஆறுதல். அவர் முதலில் பேசிய முழு வாக்கியமே உன்னைத் திட்டியதுதான் என்று எழுதியிருந்தாயே, சிரித்துவிட்டேன். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. இரவில் பலமுறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, அதன்பின் தூக்கம் வராமல் விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது, பகலில் யார் கூப்பிட்டாலும் போனை எடுக்காமல் விடுவது, வண்ணங்களையும் தூரிகைகளையும் பரணில் ஏற்றிவிட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "மனம் கொஞ்சம் சரியாகட்டும், பிறகு மறுபடி வரைகிறேன், நடக்கப் போகிறேன், எல்லோரிடமும் பேசுகிறேன்" என்று முடித்திருக்கிறாய். அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

நீ சொல்லும் வரிசை தலைகீழானது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1970களிலேயே பீட்டர் லூயின்சன் என்ற உளவியலாளர் மனச்சோர்வை ஒரு சுழலாக விளக்கினார். சோர்வு வந்தால் மனிதர் தமக்குப் பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்துகிறார். நிறுத்தியதால் நாளில் நல்லது எதுவும் நடப்பதில்லை. நல்லது எதுவும் நடக்காததால் சோர்வு இன்னும் கூடுகிறது. 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சோர்வுள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு எண்ணங்களை அலசித் திருத்தும் முழுச் சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு, நிறுத்திவிட்ட காரியங்களை நாளின் அட்டவணையில் திரும்பச் சேர்க்கும் பகுதி மட்டும். எண்ணங்களைத் தொடாமல் செயலை மட்டும் தொட்டவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகவே தேறினார்கள். அதாவது மனத்தின் அனுமதிக்காகக் காத்திருக்காமல் கை கால்களை முதலில் அனுப்பலாம். மனம் பின்னால் வந்து சேரும், முணுமுணுத்துக்கொண்டாவது.

இதைச் சொன்னவுடன் நாளைக்கே பெரிய ஓவியம் ஒன்றைத் தொடங்கிவிடாதே. உன்னை எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் கைவிட்டுவிட்டு, அதையும் சேர்த்து உன்னையே நொந்துகொள்வாய். ஒரு பென்சில், பழைய தாள், பத்து நிமிடம். எதிரே இருக்கும் மருந்துப் புட்டியை வரை. அழகாக வரவேண்டியதில்லை, முடிக்கவும் வேண்டியதில்லை. "இன்று தோன்றினால் வரைவேன்" என்று வைத்துக்கொள்ளாதே, தோன்றவே தோன்றாது. அம்மா காலை மருந்து குடித்துத் தூங்கியதும் என்று நேரத்தை முடிவு செய்துவிடு. தொடங்கும் முன், இது எவ்வளவு பிடிக்கும் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு வை. முடிந்ததும் உண்மையில் எவ்வளவு பிடித்தது என்று இன்னொன்று. சோர்ந்த மனம் முன்கூட்டிப் போடும் மதிப்பெண் பெரும்பாலும் கஞ்சத்தனமாகத்தான் இருக்கும். அந்த இரண்டு எண்களும் தாளில் அருகருகே இருந்தால் அடுத்த நாள் மனத்தோடு வாதாடக் கொஞ்சம் ஆதாரம் கிடைக்கும்.

உனக்கு நாள் தவறாமல் "நல்லதையே நினை" என்று செய்தி அனுப்பும் உறவினரைப் பற்றி எழுதியிருந்தாய். அவருக்கு நீ பதில் போடாததில் தவறே இல்லை. டேனியல் வெக்னர் என்பவர் 1987இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருங்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கெட்ட எண்ணத்தை விரட்டு என்பதும் அப்படித்தான். விரட்டியாயிற்றா என்று பார்க்கவாவது அதை நினைத்துத்தானே ஆகவேண்டும்? அதற்குப் பதிலாகக் கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்கலாம். மாலையில் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் வருபவற்றைக் குறித்து வைத்து அந்த அரை மணிக்குத் தள்ளிவிடுவது. கேட்கும்போது விளையாட்டாகத் தோன்றும். ஆனால் மாலையில் அந்தக் குறிப்பை எடுத்துப் பார்த்தால் பாதி உயிரற்றுக் கிடக்கும். மீதியில் ஏதாவது செய்யக்கூடியதாக ஒன்று இருக்கும்.

தூக்கத்தைப் பற்றி நீ கேட்டிருந்தாய். படுக்கையில் விழித்துக் கிடக்காதே, தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார், கண் சொக்கும்போது மட்டும் திரும்பு, எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழு என்பார்கள். ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்தவை இவை. நல்ல விதிகள்தான், தூக்கமின்மைக்கான சிகிச்சையில் இன்றும் இருப்பவை. ஆனால் யோசித்துப் பார், இரவு தன் கையில் இருப்பவர்களுக்காக எழுதிய விதிகள் இவை. உன் இரவு உன் அம்மாவின் கையில் இருக்கிறது. துண்டு துண்டாகத் தூங்குகிற எவருக்கும் எரிச்சல் வரும், மறதி வரும், சின்னச் சொல்லுக்கும் கண்ணில் நீர் வரும். நீ இதையெல்லாம் உன் மனத்தின் பலவீனம் என்று எழுதியிருக்கிறாய். ஆள் மாற்று இல்லாமல் இரவுப் பணியில் விடப்பட்ட ஒரு தொழிலாளிக்கு இப்படி ஆனால் அவளுக்காக முதலில் கொடி பிடித்திருப்பவள் நீதான்! வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் அம்மாவின் அறையில் படுக்கவேண்டும், நீ கதவை மூடிக்கொண்டு வேறு அறையில் தூங்கவேண்டும். மூச்சுப் பயிற்சி, நடை, ஓவியம் எல்லாம் இதற்கு அடுத்ததுதான். உன் தம்பி மாதாமாதம் பணம் அனுப்புவது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் நள்ளிரவில் எழுந்து அம்மாவைப் புரட்டிப் போட அந்தப் பணத்துக்குக் கை கிடையாது. அந்தப் பணத்தில் இரவுக்கு ஓர் ஆளை வைக்கட்டும், இல்லையென்றால் அவனே வந்து படுக்கட்டும்.

"சில நாள் அம்மா மேல் கோபம் வருகிறது, பிறகு என்னையே எனக்குப் பிடிக்காமல் போகிறது" என்ற வரியைப் பலமுறை அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறாய், மை தெரிகிறது. நோயாளியை நெடுநாள் பார்த்துக்கொள்பவர்களில் இந்தக் கோபத்தை அறியாதவர் அபூர்வம். சொல்பவர்கள்தான் குறைவு. எனக்கு எழுதியது போலவே உனக்கு நீயும் எழுதிப் பார். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை மிகவும் வருத்திய நிகழ்வைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் மனம் பட்டதையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்ததும் மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. எழுதிய அன்று கனமாக இருந்தால் பயந்து நிறுத்திவிடாதே என்பதற்காகச் சொல்கிறேன். யாருக்கும் காட்டவேண்டாம், கிழித்துப் போட்டாலும் போடு.

இப்போது உனக்குப் பிடிக்காத விஷயம். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் இது ஒரு மாதத்துக்கு மேலாக நடக்கிறது. இரண்டு வாரம் தொடர்ந்து, பெரும்பாலான நாட்களில், எதிலும் நாட்டமில்லாமல் இருந்தாலே மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்பதுதான் பொதுவான அளவுகோல். அவர் ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைத் தரக்கூடும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் கேட்கும், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். மொத்தம் பத்தோ அதற்கு மேலோ வந்தால் அடுத்துப் பேசவேண்டியது இருக்கிறது என்று பொருள். அதோடு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே களைப்பும் இதே இருட்டும் வரும். அப்படியானால் நீ இத்தனை நாள் உன் குணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது வீண்.

அந்தத் தாளின் ஒன்பதாவது கேள்வியை நானே இங்கே கேட்டுவிடுகிறேன். செத்துப்போனால் தேவலை என்றோ, உன்னை நீயே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா? இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் யாருக்கும் முளைத்துவிடாது, அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். ஆம் என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே. எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய், அன்றைக்கே மருத்துவரைப் பார். இல்லை என்றால் "இல்லை" என்று ஒரு வார்த்தை எழுதிவிடு, எனக்குத் தூக்கம் வரும்.

அக்கா போன பிறகு நான் கிடந்த கிடப்பு உனக்கு நினைவிருக்கும். என்னை மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனதே நீதான். வாசலில் நான் திரும்பி ஓடப் பார்த்தபோது கைப்பையைப் பிடுங்கிக்கொண்டவளும் நீதான். மாத்திரை ஆரம்பித்ததும் வாய் உலர்ந்தது, குமட்டியது, மனத்தில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. பக்கவிளைவு முதலில் வரும், பலன் வரச் சில வாரம் ஆகும், இடையில் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று மருத்துவர் சொன்னதை என் வீட்டுக் கதவில் ஒட்டி வைத்தாய். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, உனக்கு அனுப்பட்டுமா?

என் பக்கச் செய்திகள் குறைவு. வீட்டுக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது வீட்டை நிர்வாகம் செய்கிறார். அலமாரிகளுக்கெல்லாம் எண் போட்டிருக்கிறார். எதைத் தேடினாலும் அவரைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. மகன் வேலை மாறிவிட்டான், முன்பைவிட அதிகமாகப் போன் செய்கிறான், பணம் கேட்காமல். நான் இந்த வயதில் நீச்சல் கற்றுக்கொள்கிறேன். என்னைவிட உயரத்தில் பாதி இருக்கும் பிள்ளைகள் என் அருகில் மீன் மாதிரி போகிறார்கள். சொல்லித்தரும் பெண், "இழுக்கிற மூச்சைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், விடுகிற மூச்சை நீளமாக விடுங்கள், மற்றது தானாக நடக்கும்" என்கிறாள். தண்ணீருக்கு வெளியேயும் அது சரிதான். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு மெதுவாக்கினால் பதற்றம் இறங்குவதை நீயே உணரலாம். நடுராத்திரியில் அம்மா கூப்பிட்டு நெஞ்சு படபடக்கும்போது செய்து பார். இதனால் வாழ்க்கை மாறிவிடாது, அந்த ஐந்து நிமிடம் கடந்துபோகும்.

அடுத்த மாதம் அங்கே வருகிறேன். விருந்தாளியாக வரவில்லை, ஏதும் ஏற்பாடு செய்யாதே. நான் இருக்கும் வரை இரவுப் பணி எனக்கு. அம்மாவிடம் இப்போதே சொல்லி வை, அவருக்கு என்னைத் திட்டுவதும் பழக்கம்தான்.

அதற்கு முன் உன் தம்பிக்கு நான் எழுதப் போகிறேன். நீ கேட்டால் "பார்க்கலாம்" என்பான். என்னைச் சின்ன வயதிலிருந்து அக்கா என்று கூப்பிடுகிறவன், என்னிடம் அப்படிச் சொல்ல மாட்டான். வேண்டாம் என்றால் இந்த வாரத்துக்குள் பதில் போடு. போடாவிட்டால் தபாலில் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி